கிரேஃபிஷ் வைத்துச் சின்ன அக்வாபோனிக்ஸ்: எத்தனை விடலாம், எவ்வளவு கீரை வரும்?

மாடித்தோட்டக்காரி

எல்லோருக்கும் வணக்கம். தொட்டிச் செடிகள் வளர்த்துப் பழக்கம் உண்டு, மீன் வளர்த்ததில்லை. இப்போது அக்வாபோனிக்ஸ் ஒன்று அமைக்க ஆசை, அதாவது மீன் தொட்டியின் கழிவுத் தண்ணீரையே உரமாக்கி மண்ணில்லாமல் செடி வளர்ப்பது. மீனுக்குப் பதில் கிரேஃபிஷ் (கொடுக்குள்ள, இறால் மாதிரி நன்னீர் உயிர்) விடலாம் என்று நினைக்கிறேன். அடியில் கிடப்பதைத் தின்றே வளரும், தீவனச் செலவு குறைவு என்கிறார்கள்.

கையில் இரண்டு பழைய பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு: 1.2 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம். ஒன்று தண்ணீருக்கு, இன்னொன்று ஜல்லி போட்டுச் செடிக்கு. ஒரு சின்ன நீர்மூழ்கிப் பம்பும் உண்டு. புதிதாக அதிகம் வாங்காமல் முடிக்கப் பார்க்கிறேன்.

50 குஞ்சு விடலாமா? ஒரு சதுர மீட்டர் படுகையில் கீரையோடு தக்காளியும் வைக்கலாமா? தண்ணீர் எவ்வளவு ஆழம் வேண்டும்?

செங்கொடுக்கு

வாங்க அக்கா. எத்தனை என்பதற்கு முன்னால் எந்த இனம் என்று முடிவு செய்யுங்கள். வீட்டு வளர்ப்பில் அதிகம் பேசப்படுபவை மூன்று.

ரெட்கிளா (செராக்ஸ் குவாட்ரிகரினேட்டஸ்) வட ஆஸ்திரேலியாவையும் பப்புவா நியூ கினியையும் சேர்ந்தது. மற்ற இனங்களோடு ஒப்பிட்டால் சண்டை குறைவு, வளர்த்தியும் நன்றாக இருக்கும். 23 முதல் 31 டிகிரி வரை சுகமாக இருக்கும். குளிர் ஆகாது, 10 டிகிரிக்குக் கீழே போனால் செத்துவிடும். யாபி (செராக்ஸ் டிஸ்ட்ரக்டர்) குளிரைத் தாங்கும், ஆனால் குழி தோண்டும், சண்டையும் அதிகம். மூன்றாவது அமெரிக்கச் சிவப்புச் சதுப்பு கிரேஃபிஷ் (ப்ரோகாம்பரஸ் கிளார்க்கி). எதையும் தாங்கி வளரும் என்பதாலேயே உலகின் பல பகுதிகளில் ஆறு, குளம், வயல் என்று பரவிவிட்டது.

நாலாவதாக மார்பிள் கிரேஃபிஷ் என்று ஒன்றை இலவசமாகவே கொடுப்பார்கள். வாங்காதீர்கள். 1990களில் ஜெர்மனியின் மீன்தொட்டி வளர்ப்பாளர்களிடம் முதலில் தென்பட்டது அது. எல்லாமே பெண். ஆண் துணையே இல்லாமல் ஒவ்வொன்றும் தன் நகல்களைப் பெற்றுத் தள்ளும். ஒன்று தப்பினாலும் ஒரு குளம் போச்சு. மடகாஸ்கரில் அது பரவிய வேகத்தைப் பற்றி நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன.

சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் வெளியிட்ட ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சிவப்புச் சதுப்பும் மார்பிளும் இருக்கின்றன. அங்கே வீட்டில் வைத்திருப்பதே குற்றம். உங்கள் பகுதி மீன்வளத் துறையிடம் எந்த இனத்துக்கு அனுமதி உண்டு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். விற்கிறவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

சகோதரி, உங்கள் கேள்வியின் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். தொட்டி இவ்வளவு, படுகை இவ்வளவு, அதில் எத்தனை உயிர் என்று எல்லோரும் கேட்கிறோம். செடிக்குப் போய்ச் சேர்வது நீங்கள் தினமும் போடும் தீவனம்தான். அதனால் கணக்கைத் தீவனத்தின் கிராமில் தொடங்குங்கள்.

உங்கள் தொட்டியின் தரை 0.96 சதுர மீட்டர். கிரேஃபிஷுக்கு வேண்டியது தரைப் பரப்பு. மீன் மாதிரி நடுத்தண்ணீரில் நீந்தி வாழாது. 2 மீட்டர் ஆழம் கொடுத்தாலும் எல்லாம் அடியில்தான் மோதிக்கொள்ளும். பெரிதாக வளர்க்க நினைத்தால் சதுர மீட்டருக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 குஞ்சு விட்டாலும் கடைசியில் பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சும், மற்றவற்றை அவையே தின்று தீர்த்திருக்கும். பதினைந்து விட்டு, பத்து வளர்ந்தால் திருப்தி என்று இருங்கள்.

பத்து உருப்படி, சராசரி 50 கிராம் என்றால் மொத்தம் அரைக் கிலோ. உடல் எடையில் 2 சதவீதம் தீவனம். ஆக நாளொன்றுக்கு 10 கிராம்.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2014இல் வெளியிட்ட சிறிய அளவு அக்வாபோனிக்ஸ் கையேடு, கீரை வகைகளுக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம், காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம் என்று வழிகாட்டுகிறது. உங்கள் 10 கிராமுக்கு வருவது 0.2 சதுர மீட்டர் சொச்சம். அரை மீட்டருக்கு 40 சென்டிமீட்டர் படுகை. லெட்யூஸ் வைத்தால் நாலைந்து செடி.

இதைச் சொன்னால் பலருக்கு மனசு விட்டுப்போகிறது. ஆனால் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. பெரிய படுகை கட்டி, செடி வெளுத்துப்போய், 'அக்வாபோனிக்ஸே ஏமாற்று வேலை' என்று கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே முறையில் பிழை இல்லை, செடி பட்டினி கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். குறைவாகத் தின்கிற விலங்கு குறைவாகத்தான் உரம் தரும். நீங்கள் லாபமாக நினைக்கும் 'தீவனச் செலவு குறைவு' செடியின் பக்கம் நஷ்டமாக வந்து நிற்கும்.

தக்காளியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

ஜல்லிப்படுகை

கணக்குப்பிள்ளை சார் சொல்வதில் பாதி சரி. அந்த 40–50 கிராம் கணக்கை ஜல்லிப் படுகைக்கு அப்படியே போட வேண்டியதில்லை. மிதவைப் படுகையில் (தண்ணீர்மேல் மிதக்கும் பலகையில் செடி நடுவது) திடக் கழிவைத் தனியே வடித்து வெளியே எடுத்துவிடுகிறோம். ஜல்லிப் படுகையில் அது உள்ளேயே தங்கி மட்கி, அதிலிருக்கும் சத்தும் செடிக்கே வருகிறது. கைப்பிடி மண்புழுவை உள்ளே விட்டால் இன்னும் நல்லது. என் படுகைகளில் சதுர மீட்டருக்கு 25 கிராமிலேயே கீரை தளதளவென்று நிற்கிறது. அக்கா 0.4 சதுர மீட்டர் வரை தாராளமாகப் போகலாம்.

கணக்குப்பிள்ளை

ஓடிப் பழகிய படுகையில் 25 கிராம் போதும், ஒப்புக்கொள்கிறேன். புதுப் படுகையில் மட்கிய சரக்கே இருக்காதே. முதல் சில மாதம் 0.2இல் ஓடட்டும், அப்புறம் இலையின் நிறம் பார்த்துக் கூட்டலாம். சிறிய படுகையைப் பெரிதாக்குவது சுலபம். ஜல்லி நிரப்பிய பெரிய படுகையைச் சிறிதாக்குவது முதுகை ஒடிக்கும்.

பழைய மீன்தொட்டி

இவ்வளவு குறைவான அறுவடைக்கு ஏன் கிரேஃபிஷ் மட்டும்? மேலே மீன், கீழே கிரேஃபிஷ் என்று ஒரே தொட்டியில் விட்டால் தீவனமும் கூடும், மீன் விட்டதைக் கீழே இருப்பது பொறுக்கித் தின்னும்.

செங்கொடுக்கு

ஒரே தொட்டியில் வேண்டாம் சார். கிரேஃபிஷ் ஓடு உரித்தபின் சில நாள் உடம்பு மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தில் திலாப்பியா மாதிரி மீன் கண்டால் விடாது. இரவில் நிலைமை தலைகீழ்: அடியில் உறங்கும் மீனின் வாலைக் கிரேஃபிஷ் பிடித்துவிடும். பெரிய குளத்தில் இரண்டும் ஒதுங்க இடம் இருக்கும், ஒரு சதுர மீட்டர் தொட்டியில் ஒதுங்க எங்கே போகும்?

இரண்டும் வேண்டும் என்றால் தொட்டியைப் பிரியுங்கள். மீன் தொட்டி மேலே, அதிலிருந்து வழியும் தண்ணீர் படுகைக்கு, படுகையிலிருந்து வடிவது கிரேஃபிஷ் தொட்டிக்கு, அங்கிருந்து பம்ப் மறுபடி மேலே. கிரேஃபிஷ் தொட்டியே கடைசிச் சேகரிப்புத் தொட்டி ஆகிவிடும். ஒரு பம்ப் போதும்.

கணக்குப்பிள்ளை

நல்ல அமைப்பு. அதற்கும் கணக்கு தருகிறேன். ஒரு சதுர மீட்டர் கீரைக்கு 45 கிராம் தீவனம் வேண்டும். மீன் எடையில் 1.5 சதவீதம் தின்றால் மூன்று கிலோ மீன். அதற்குக் குறைந்தது 250–300 லிட்டர் தனித் தொட்டி, கூடவே நல்ல காற்றோட்டம். சகோதரிக்கு மீன் பழக்கம் இல்லை என்பதால் முதலில் கிரேஃபிஷ் மட்டும் வைத்து ஓட்டிவிட்டு, கை பழகியபின் மீன் தொட்டியைச் சேர்ப்பதே என் யோசனை. குழாயில் ஒரு டி இணைப்பை மட்டும் இப்போதே விட்டு வையுங்கள்.

குழாய்க்காரன்

மாடி என்பதால் எடையைச் சொல்லிவிடுகிறேன். 30 சென்டிமீட்டர் ஆழம் நிறுத்தினால் 288 லிட்டர், அதாவது 288 கிலோ. தொட்டியையும் சேர்த்தால் சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளங்களை வடிவமைக்கும்போது பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ சுமைதான் எடுத்துக்கொள்வார்கள். நடு மாடியில் வைக்காதீர்கள். கீழே சுவரோ பீமோ ஓடும் இடத்தில், ஓரமாக வையுங்கள். கட்டடம் பழையதென்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். தரையில் இடம் இருந்தால் தரையே மேல்.

ஜல்லியும் லேசுப்பட்டதில்லை. 0.2 சதுர மீட்டர், 30 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 60 லிட்டர். அதுவே 95 கிலோ வரும். சுட்ட களிமண் உருண்டை பாதிக்கும் கீழே வரும், ஆனால் விலை அதிகம். 8 முதல் 20 மில்லிமீட்டர் ஜல்லி போதும். ஒரு கைப்பிடியில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், அது வேண்டாம்.

ஜல்லிப்படுகை

கிரேஃபிஷுக்குக் கொஞ்சம் சுண்ணாம்புக் கல் நல்லதுதானே? ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும்.

குழாய்க்காரன்

வேண்டும்தான். ஆனால் படுகை முழுக்க அதுவே இருந்தால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 8 பக்கம் போய் நின்றுவிடும், இறக்க முடியாது. கிளிஞ்சலோ சிப்பி ஓடோ ஒரு வலைப்பையில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டால் உங்கள் கையில் இருக்கும். பிஎச் ஏறினால் பையை எடுத்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை

அந்தப் பை எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். கழிவில் வரும் அம்மோனியாவைப் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும். அந்த வேலையில் அமிலம் உண்டாகி, தண்ணீரின் காரத்தன்மை (அமிலத்தைச் சமாளிக்கும் சக்தி) கரைந்துகொண்டே போகும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறக்குறைய ஏழு கிராம் கால்சியம் கார்பனேட் அளவு. 10 கிராம் தீவனத்தில் 32 சதவீதம் புரதம் என்றால் சுமார் 0.3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். தினமும் 2 கிராம் காரத்தன்மை செலவு. 288 லிட்டரில் அது லிட்டருக்கு 7 மில்லிகிராம். 100 மில்லிகிராமில் தொடங்கினால், செடி நைட்ரேட்டை எடுக்கும்போது கொஞ்சம் திருப்பித் தரும் என்றாலும், சில வாரத்தில் காலி. அதன்பின் பிஎச் ஒரே இரவில் சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அம்மோனியா ஏறும்.

பிஎச் 7 முதல் 7.5க்குள் வைத்தால் இரு தரப்புக்கும் பொது. செடி 6.5 கேட்கும், கிரேஃபிஷ் 7.5 கேட்கும், நடுவில் நிற்பது நம் வேலை. 8ஐத் தாண்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 28 டிகிரியில், பிஎச் 7இல் மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருப்பது ஒரு சதவீதத்துக்கும் கீழே. 8இல் அது 6 சதவீதத்தைத் தாண்டும். சோதனைக் கிட் இரண்டு நாளும் ஒரே நிறம் காட்டும், ஆனால் விஷம் பல மடங்கு.

பிஎச் ஏற்றச் சமையல் சோடா போடாதீர்கள். சோடியம் சேர்ந்துகொண்டே போய்ச் செடியைக் கெடுக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடும் பொட்டாசியம் பைகார்பனேட்டும் மாற்றி மாற்றிச் சிட்டிகை அளவில் கரைத்து விட்டால் செடிக்கு வேண்டிய பொட்டாசியமும் கிடைத்துவிடும். தீவனத்தில் பொட்டாசியம் எப்போதும் பற்றாக்குறைதான்.

மாடித்தோட்டக்காரி

எல்லோருக்கும் நன்றி. படுகைக்கு வைத்திருந்த தொட்டியைப் பிற்பாடு மீனுக்கு ஒதுக்கிவிட்டு, இப்போது சின்னக் கூடைத் தொட்டி ஒன்றில் 0.2 சதுர மீட்டர் படுகை போடுகிறேன். கீழே சுவர் ஓடும் மூலை ஒன்று இருக்கிறது, அங்கேதான் வைக்கப்போகிறேன்.

பம்ப் பெட்டியில் மணிக்கு 800 லிட்டர் என்று இருக்கிறது. படுகை நிரம்பியதும் தானாக வடிக்கும் பெல் சைஃபன் செய்வதா, பம்பை நேரம் வைத்து ஓட்டும் டைமர் வைப்பதா? பழைய செம்புக் குழாய் துண்டுகள் நிறைய இருக்கின்றன, அதையே பயன்படுத்தலாமா?

செங்கொடுக்கு

செம்பைத் தொடவே வேண்டாம் அக்கா!

இறால், நண்டு, கிரேஃபிஷ் எல்லாவற்றுக்கும் செம்பு கடும் விஷம். மீன் தாங்கும் அளவு இவற்றைக் கொன்றுவிடும். செம்புக் குழாய், பித்தளை வால்வு, துத்தநாகம் பூசிய இரும்பு வலை எதுவும் தண்ணீரில் படக்கூடாது. முழுக்கப் பிவிசியும் பிளாஸ்டிக்கும் போதும். மீன் நோய்க்கான மருந்துகளில் பலவற்றில் செம்பு இருக்கும். செடிக்கு அடிக்கும் போர்டோ கலவையும் செம்புதான்.

பூச்சிமருந்தும் அப்படியே. கொசு மருந்துகளில் இருக்கும் பைரெத்ராய்டு வகைகள் பூச்சியைக் கொல்வது போலவே கிரேஃபிஷையும் கொல்லும், உறவுமுறையில் இரண்டும் பக்கத்து வீடு. வேப்பெண்ணெய் இயற்கையானது என்று படுகைச் செடியில் தெளிப்பார்கள். அதில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சி தோல் உரிப்பதைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. ஓடு உரித்து வளரும் உயிருக்கு மேலே அதைச் சொட்டவிடலாமா? அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, கையால் நசுக்குங்கள்.

குழாய்க்காரன்

பெட்டியில் போட்ட 800 லிட்டர் உயரமே இல்லாதபோது வருவது. ஒரு மீட்டர் ஏற்றினால் பாதிக்கும் கீழே இறங்கலாம். தொட்டித் தண்ணீர் மணிக்கு ஒருமுறை சுற்றினால் போதும் என்பதால் உங்களுக்குச் சரியாக வரும்.

டைமர் வாங்கும் காசில் பெல் சைஃபன் செய்துவிடலாம். 20 மில்லிமீட்டர் நிற்கும் குழாய், அதன்மேல் இரண்டு மடங்கு விட்டமுள்ள மூடிய குழாய், அடியில் நாலைந்து வெட்டு. வெளியே ஜல்லி புகாமல் துளையிட்ட அகலக் குழாய் ஒன்று. தண்ணீர் ஜல்லியின் மேல்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழேயே நின்று வடிய வேண்டும், மேலே ஈரம் பட்டால் பாசி பிடிக்கும். சைஃபன் இழுக்கத் தொடங்காமல் வெறுமனே வழிந்துகொண்டிருந்தால் வரத்து குறைவு. இழுத்தது நிற்கவே இல்லை என்றால் வரத்து அதிகம். பம்ப் குழாயில் ஒரு வால்வு வைத்துப் பொறுமையாகத் திருகிப் பார்த்தால் அமைந்துவிடும். படுகை நிரம்பும்போது தொட்டியில் 25 லிட்டர் குறையும், அதாவது இரண்டரை சென்டிமீட்டர். கிரேஃபிஷுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பம்பின் வாய்க்குச் சன்ன வலை கட்டுங்கள். குஞ்சு உள்ளே போய்விடும்.

பழைய மீன்தொட்டி

குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒன்றிரண்டு நாள் காற்றோட்டம் கொடுங்கள். சில இடங்களில் குளோராமின் கலப்பார்கள், அது தானாகப் போகாது. சோடியம் தயோசல்ஃபேட்டோ வைட்டமின் சியோ வேண்டும்.

தண்ணீர் ஊற்றியதும் உயிரை விடக்கூடாது. பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வாசனையும் சோப்பும் கலக்காத அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு விட்டு, அது ஒரு நாளில் நைட்ரைட் எதுவும் மிச்சமில்லாமல் நைட்ரேட்டாக மாறும்வரை காத்திருங்கள். ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து ஒரு வாளி ஜல்லி கிடைத்தால் நாள் குறையும். ஆனால் அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். வேறு கிரேஃபிஷ் வளர்க்கும் இடத்திலிருந்து ஜல்லி, வலை, வாளி எதையும் வாங்காதீர்கள். 1859 வாக்கில் இத்தாலியில் தொடங்கிய கிரேஃபிஷ் கொள்ளைநோய் ஐரோப்பாவின் நாட்டு இனங்களை வாரிக்கொண்டு போனது. அமெரிக்க இனங்கள் நோயைச் சுமக்கும், பெரும்பாலும் சாகாது. யாபியும் ரெட்கிளாவும் ஆஸ்திரேலிய இனங்கள், அவற்றுக்கு அந்த எதிர்ப்பு கிடையாது.

செங்கொடுக்கு

வீடு கட்டிக் கொடுப்பது பற்றியும் பேசிவிடலாம். உயிர் பிழைப்பது அதில்தான் இருக்கிறது. ஒரு கிரேஃபிஷுக்கு இரண்டு மறைவிடம் என்று கணக்கு வையுங்கள். 15 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டிய பிவிசி துண்டுகள், உடம்பு நுழைந்து திரும்பும் அகலம். அவற்றை அடுக்கிக் கட்டிவிட்டால் தரை மேல்நோக்கி வளர்ந்த மாதிரி, அதே தொட்டியில் இடம் கூடும். குஞ்சுகளுக்குக் காய்கறி வரும் வலைப்பைகளைக் கசக்கிக் கொத்தாகக் கட்டிப் போடுங்கள்.

தீவனம் மாலையில், இருட்டும் நேரத்தில். இரவு நடமாடுகிற உயிர். காலையில் மிச்சம் கிடந்தால் எடுத்துவிட்டு அடுத்த நாள் குறையுங்கள். காய்ந்த இலையை ஊறவைத்துப் போடலாம், கேரட் துண்டும் தின்னும். சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஒன்று ஒதுங்கி நின்றால் ஓடு உரிக்கப்போகிறது என்று அர்த்தம், தொந்தரவு செய்ய வேண்டாம். உரித்த ஓடு அடியில் கிடந்தால் எடுக்காதீர்கள். அதைத் தானே தின்று கால்சியத்தை மீட்டுக்கொள்ளும்.

மூடி அவசியம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலோ வெறும் ஆர்வத்திலோ பம்ப் வயரைப் பிடித்து ஏறி வெளியே நடந்துவிடும். வயரும் காற்றுக் குழாயும் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். தொட்டியைக் காலி செய்யும்போது தண்ணீரை வலை வழியாக வடித்து மண்ணில் ஊற்றுங்கள், சாக்கடையிலோ வாய்க்காலிலோ வேண்டாம். பிடிக்கவில்லை என்று யாரும் இவற்றைக் குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜல்லிப்படுகை

வேர் விஷயமும் உண்டு. மிதவைப் பலகையில் செடி வைத்து அடியில் கிரேஃபிஷ் விடும் படங்கள் சுற்றுகின்றன. பார்க்க அழகு. வேர் முழுவதையும் மேய்ந்துவிடும். படுகை தனி, தொட்டி தனி.

பழைய மீன்தொட்டி

மின்சாரம் நின்றால்?

குழாய்க்காரன்

பத்து உருப்படிதான் என்பதால் மீன் தொட்டி அளவுக்குப் பதற்றம் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும். தண்ணீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் பார்த்தால் போதும். வெயில் காலத்தில் தொட்டிமேல் நிழல்வலை கட்டுங்கள். தண்ணீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் குறையும், சரியாக அந்த நேரத்தில்தான் உயிருக்கு அதிகம் தேவைப்படும்.

மாடித்தோட்டக்காரி

சில மாதம் கழித்து வருகிறேன். அனுமதி கேட்டுத்தான் ரெட்கிளா வாங்கினேன். பதினைந்தில் பன்னிரண்டு இருக்கின்றன. தீவனம் இப்போது நாளுக்கு 8 கிராம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 20, பிஎச் 7.6.

கீரை முதலில் நன்றாக வந்தது. இப்போது புது இலைகள் வெளிர் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. பழைய இலைகளுக்கு ஒன்றும் இல்லை. உரக் கடையில் நுண்ணூட்டக் கலவை ஒன்று கொடுத்தார்கள். ஊற்றலாமா?

கணக்குப்பிள்ளை

ஊற்றாதீர்கள் சகோதரி. பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். நுண்ணூட்டக் கலவை என்றால் அதில் செம்பும் துத்தநாகமும் இருக்கும். மண்ணில் போட்டால் பிரச்சினை இல்லை, உங்கள் படுகையில் ஊற்றினால் நேரே தொட்டிக்குத்தான் போகும்.

நைட்ரேட் இருப்பதால் நைட்ரஜன் குறைவு இல்லை. புது இலை வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்து. பிஎச் 7.6இல் இரும்பு கரையாமல் படிந்துவிடும். இரும்பு மட்டும் உள்ள கீலேட் (இரும்பைப் படியவிடாமல் கரைந்த நிலையில் வைத்திருக்கும் சேர்மம்) வாங்குங்கள். இடிடிஏ வகை இந்தப் பிஎச்சில் நிற்காது. டிடிபிஏ 7.5 வரை தாங்கும், இடிடிஎச்ஏ அதற்கு மேலும் தாங்கும், ஆனால் தண்ணீர் சிவக்கும். கிளிஞ்சல் பையைக் கொஞ்ச நாள் வெளியே எடுத்து வைத்து, பிஎச் 7.2க்கு இறங்கியதும் டிடிபிஏ போடுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு இலக்கு. 300 லிட்டருக்கு 600 மில்லிகிராம். 11 சதவீத இரும்புள்ள தூள் என்றால் ஐந்தரை கிராம். அதை ஒரே நாளில் கொட்டாமல் மூன்று தவணையாகக் கரைத்து விடுங்கள். பழைய இலை அப்படியே இருக்கும், அடுத்து வருவது பச்சையாக வரும்.

மாடித்தோட்டக்காரி

சரி சார், பொட்டலத்தில் நீங்கள் சொன்னபடியே செம்பு இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. ஒரு பெண் வாலை மடித்துக்கொண்டு குழாயை விட்டு வெளியே வருவதே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் முட்டை மாதிரி கொத்தாக இருக்கிறது. தனியாக எடுக்க வேண்டுமா? குஞ்சுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

செங்கொடுக்கு

வாழ்த்துகள் அக்கா! உப்புத் தண்ணீர் தேவைப்படுவது நன்னீர் இறாலின் லார்வாவுக்கு. கிரேஃபிஷுக்கு அந்தக் கட்டமே கிடையாது. முட்டையிலிருந்து வருவது பெரும்பாலும் முழு உருவத்தோடு அம்மாவின் வாலடியிலேயே தொங்கி, பிறகு இறங்கி நடக்கும். 28 டிகிரியில் முட்டை வைத்ததிலிருந்து குஞ்சு இறங்க ஆறேழு வாரம்.

எடுப்பதானால் அவள் இருக்கும் குழாயோடு சேர்த்து, இரு முனையையும் கையால் மூடி, தண்ணீருக்குள்ளேயே ஒரு வாளியில் வாங்கி மாற்றுங்கள். வலையால் பிடித்தால் வாலை அடித்து முட்டையை உதறிவிடுவாள். 40 லிட்டர் பெட்டி போதும். அதே தொட்டித் தண்ணீர், ஓடிப் பழகிய ஸ்பஞ்ச் வடிகட்டி ஒன்று, ஒரு பெரிய வலைப்பைக் கொத்து. தீவனம் கொஞ்சமாக. குஞ்சுகள் இறங்கி நடமாடத் தொடங்கியதும் அம்மாவைப் பழைய தொட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.

நூற்றுக்கணக்கில் வரும், எல்லாவற்றுக்கும் உங்களிடம் இடம் இருக்காது. அனுமதியோடு வளர்க்கும் வேறு யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே பேசி வையுங்கள்.